பின்னோக்கிப் படித்த ஓர் ஆய்வு வாழ்க்கை

ஜெனிஃபர் ராபர்ட்சனின் நூல்களை நான் தலைகீழ் வரிசையில் படித்தேன். முதலில் என் கைக்கு வந்தது ஜப்பானிய மனித உருவ ரோபோக்களைப் பற்றி அவர் 2018இல் வெளியிட்ட நூல். அடுத்து, பெண்கள் மட்டுமே நடிக்கும் தக்கராசூக்கா நாடகக் குழுவைப் பற்றிய 1998ஆம் ஆண்டு நூல். கடைசியாகத்தான், தோக்கியோவின் மேற்கே உள்ள கோடைரா என்ற புறநகரைப் பற்றி 1991இல் அவர் எழுதிய முதல் நூலுக்கு வந்து சேர்ந்தேன். தலைப்பை மட்டும் பார்த்தால் மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்கள் எழுதியவை என்றே தோன்றும். ஆனால் பின்னிருந்து முன்னாகப் படித்து முடித்தபோது, மூன்றிலும் ஒரே கேள்வியையே அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெளிவானது. ஒரு வீட்டில், ஓர் ஊரில், ஒரு நாட்டில் யார் நம்மவர், அதை எந்த ஏட்டில் யார் எழுதி வைக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

ராபர்ட்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் மானிடவியல் பேராசிரியராக இருந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1985இல் முனைவர் பட்டம் பெற்றவர். மானிடவியலோடு கலை வரலாற்றையும் அவர் தம் துறையாகக் கொண்டிருந்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு சுவரொட்டியையோ, விளம்பரப் படத்தையோ, அரசு வெளியிட்ட கோட்டோவியத்தையோ எடுத்துக்கொண்டு, அதில் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையில் தேநீர்த் தட்டு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருடைய எழுத்து முழுவதிலும் உண்டு. சிறுவயதின் ஒரு பகுதியை அவர் ஜப்பானிலேயே கழித்தவர் என்பதும் கவனிக்க வேண்டியது. அவருக்கு அந்த நாடு ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த தொலைதேசம் அல்ல. வளர்ந்த இடத்தைப் பிற்காலத்தில் ஆய்வாளராகத் திரும்பிப் பார்க்கும் கண் அவருடையது.

ரோபோ நூலில் என்னை முதலில் நிறுத்தி வைத்த செய்தி ஒரு பொம்மையைப் பற்றியது. பாரோ என்பது சீல் குட்டியின் உருவில் செய்யப்பட்ட ரோபோ. வெண்ணிற மென்மயிர் போர்த்தியது. தடவிக் கொடுத்தால் குரல் கொடுத்து அசையும். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு ஆறுதலாக அதை முதியோர் இல்லங்களில் பயன்படுத்துகிறார்கள். தோயாமா மாவட்டத்தில் உள்ள நான்தோ நகரில்தான் அது தயாரிக்கப்படுகிறது. 2010 நவம்பரில் அந்நகர நிர்வாகம் பாரோவுக்கு ஒரு கோசெக்கியை, அதாவது குடும்பப் பதிவேட்டை, வழங்கியது. வடிவமைத்த பொறியாளர் ஷிபாத்தா தக்கானோரியின் பெயர் தந்தை என்ற இடத்தில் எழுதப்பட்டது.

கோசெக்கியை நம் ரேஷன் அட்டையோடு ஒப்பிட்டால் அதன் கனம் குறைந்துவிடும். அது குடும்பத்தை அலகாகக் கொண்ட அரசுப் பதிவேடு. பிறப்பு, திருமணம், மணமுறிவு, தத்து, இறப்பு எல்லாம் அதில்தான் ஏறும். ஒரே ஏட்டில் இருப்பவர்களுக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு தம்பதியர் இருவரும் ஒரே பெயரைக் கொள்ள வேண்டும் என்கிறது. மிகப் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெயர் கணவனுடையது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஜப்பானியக் குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமே கோசெக்கி உண்டு என்பது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழியையே தாய்மொழியாகப் பேசி, மூன்று நான்கு தலைமுறைகளாக அங்கே வாழும் கொரிய வழியினர், குடியுரிமை மாற்றிக்கொள்ளாதவரை, அந்த ஏட்டில் தமக்கென ஒரு பக்கம் பெற முடியாது. சீல் குட்டிக்கு வழங்கப்பட்ட ஏடு ஊர்ப் பெருமைக்காகச் செய்த சடங்கே தவிர, அதற்குச் சட்ட வலு கிடையாது. ஆனாலும், ஒரு சமூகம் எதைக் குடும்பத்தில் ஒருவராக எளிதாகக் கற்பனை செய்கிறது, எவரைக் கற்பனை செய்யத் தயங்குகிறது என்பதை அந்தச் சடங்கு காட்டிவிடுகிறது என்று ராபர்ட்சன் வாதிடுகிறார்.

ஜப்பானியர் ரோபோக்களை இவ்வளவு இணக்கமாக ஏற்பது ஏன் என்று கேட்டால், உயிரற்ற பொருளிலும் ஆவி உறையும் என்ற, ஜப்பானின் தொன்மையான சமயமான ஷிந்தோவின் நம்பிக்கையே காரணம் என்ற பதில் எங்கும் தயாராக இருக்கிறது. அவரும் அந்த நம்பிக்கையை எடுத்துப் பேசுகிறார். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. நம்பிக்கையிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து மக்கள்தொகைக் கொள்கைக்கும் அவர் நடந்து செல்கிறார். ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2005இல் 1.26 ஆகச் சரிந்தது. 2024இல் அது 1.15. முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெளிநாட்டவரைப் பெருமளவில் குடியேற்றுவதா, பெண்களின் வேலையையும் திருமணத்தையும் பற்றிய நியதிகளை மாற்றுவதா என்ற இரண்டு கடினமான கேள்விகளையும் ஒத்திப்போட உதவும் விடையாக ரோபோ முன்வைக்கப்பட்டது என்பதே அவருடைய வாசிப்பு.

இதற்கு அவர் தரும் மிக வலுவான சான்று ஓர் அரசு ஆவணம். 2007இல் பிரதமர் அபேயின் முதல் அமைச்சரவை ‘இன்னோவேஷன் 25’ என்ற தொலைநோக்குத் திட்டத்தை வெளியிட்டது. 2025ஆம் ஆண்டில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்ற கற்பனைக் கதை அதில் இடம்பெற்றது. குடும்பத்தின் பெயர் இனோபே; இன்னோவேஷன் என்ற சொல்லிலிருந்தே அந்தப் பெயரை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறைகள், அவர்களோடு ஒரு வீட்டு ரோபோ. உலகில் எல்லாமே மாறிவிட்ட அந்த எதிர்காலத்தில் வீட்டின் அமைப்பு மட்டும் மாறவில்லை. கணவனின் பெற்றோர் அங்கேயே இருக்கிறார்கள். வீட்டைக் கவனிக்கும் பொறுப்பு மனைவியிடமே இருக்கிறது. ரோபோ அவளுக்குக் கைகொடுக்கிறது. மிகப் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டு மிகப் பழைய குடும்பத்தைக் காப்பாற்றும் கனவு இது என்று அவர் சொல்லும்போது, அந்த ஆவணத்தின் கோட்டோவியங்களை அவர் எத்தனை முறை உற்றுப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த 2025 வந்தும்விட்டது. அப்படிப்பட்ட ரோபோ வீடுகளுக்கு வரவில்லை.

ரோபோவுக்கு ஆண், பெண் என்ற பால் அடையாளம் எங்கிருந்து வருகிறது என்ற பகுதி இன்னும் நுட்பமானது. ஜப்பானின் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2009இல் எச்ஆர்பி-4சி என்ற நடக்கும் ரோபோவை அறிமுகப்படுத்தியது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 43 கிலோ. இளம் ஜப்பானியப் பெண்களின் சராசரி உடல் அளவுகளைக் கொண்டு அதன் மேனி வடிவமைக்கப்பட்டது. அறிமுகமான சில மாதங்களிலேயே மணப்பெண் உடை அணிவித்து அதை ஒசாக்காவில் மேடையேற்றினார்கள். திருமணத்தைத் தள்ளிப்போடும் உயிருள்ள பெண்களைப் பற்றி நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்த ரோபோ ஏன் பெண், இன்னொன்று ஏன் ஆண் என்று கேட்டால், வடிவமைப்பாளர்களிடம் ஆராய்ந்து எடுத்த முடிவு எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை; இடை மெலிந்தால் பெண், தோள் அகன்றால் ஆண் என்ற பொதுப்புத்தியே உலோகத்திலும் சிலிக்கோனிலும் வார்க்கப்படுகிறது என்பதை ராபர்ட்சன் பொறுமையாக எடுத்துக்காட்டுகிறார்.

இந்த இடத்தில்தான் தக்கராசூக்கா நூல் எனக்கு வேறொரு வெளிச்சத்தைத் தந்தது. ஹான்க்யூ ரயில் நிறுவனத்தை உருவாக்கிய கோபயாஷி இச்சிஸோ, தம் ரயில் பாதையின் கோடியில் இருந்த வெந்நீர் ஊற்று ஊருக்கு மக்களை வரவழைக்க 1913இல் இளம்பெண்களைக் கொண்டு ஒரு குழுவைத் தொடங்கினார். முதல் நிகழ்ச்சி 1914இல், வருமானமின்றி மூடப்பட்ட நீச்சல் குளத்தை மேடையாக மாற்றி நடத்தப்பட்டது. அங்கே ஆண் வேடம் ஏற்பவருக்கு ஓத்தோகோயாக்கு என்று பெயர். ‘யாக்கு’ என்பதைத் தமிழில் சொல்ல, நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ‘பார்ட்’ என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்பது போல இது ஆண்பார்ட். அப்படியானால் பெண் வேடத்துக்குப் பெண்பார்ட் என்றல்லவா பெயர் இருக்க வேண்டும்? இல்லை. முசுமேயாக்கு, அதாவது மகள்பார்ட். கபுக்கி என்ற மரபு நாடகத்தில் பெண் வேடமிடும் ஆண் நடிகரை ஒன்னகாத்தா என்பார்கள். ‘ஒன்னா’ என்றால் பெண், ‘காத்தா’ என்றால் வார்ப்பு, முன்மாதிரி. ஆண் நடித்தால் அது பெண்மைக்கே முன்மாதிரி. பெண் நடித்தால் அது வெறும் பாத்திரம், அதிலும் பெண்ணாக வேண்டாம், தந்தைக்கு அடங்கிய மகளாக இருந்தால் போதும். இரண்டு சொற்களின் விகுதிகளைப் பிரித்துப் பார்த்தே ஒரு நூற்றாண்டின் அதிகாரத்தை அவர் வெளியே கொண்டுவந்துவிடுகிறார். களப்பணி என்றால் ஊர் ஊராக அலைவது மட்டுமே என்று எண்ணியிருந்த எனக்கு இந்தப் பக்கங்கள் ஒரு பாடம்.

மாணவிகள் தக்கராசூக்காவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகு, உயரம், உடல்வாகு, முகவெட்டு, குரல், இயல்பு ஆகியவற்றைக் கொண்டு இன்னார் ஆண்பார்ட், இன்னார் மகள்பார்ட் என்று பிரிக்கப்படுவார்கள். பிறப்பில் வந்த பாலின் மேல் இரண்டாவதாக ஏற்றப்படும் பாலினம் என்று இதை அவர் விளக்குகிறார். ஆண் வேடம் போட்டு ஆணைப் புரிந்துகொண்ட பெண் பிற்பாடு நல்ல மனைவியாக விளங்குவாள் என்பது கோபயாஷியின் கணக்கு. மணமானவர் மேடையில் தொடர முடியாது. ஆனால் அரங்கை நிறைத்த பெண் ரசிகைகள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. மணவாழ்க்கை தரும் வேடங்களைத் தவிர வேறு வேடங்களும் ஒரு பெண்ணுக்குச் சாத்தியம் என்பதை அவர்கள் அந்த மேடையில் கண்டார்கள். அளவெடுத்து வெளியிலிருந்து பாலினத்தை ஏற்றுவது என்ற வகையில் எச்ஆர்பி-4சியும் இந்த மாணவிகளும் ஒரே செயல்முறைக்கு உட்பட்டவர்கள். வேறுபாடு, தனக்கு ஏற்றப்பட்டதை ரோபோவால் திருப்பிப் போட்டு நடிக்க முடியாது என்பதுதான்.

இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஜப்பானிய இனமேம்பாட்டு இயக்கத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். இரத்தத் தூய்மை என்ற கருத்து அழகுப் போட்டிகளிலிருந்து திருமண ஆலோசனை வரை எப்படிப் பரவியது என்பதைப் பற்றியவை அவை. 1940இன் இனமேம்பாட்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக 1948 முதல் 1996 வரை நடப்பில் இருந்த சட்டம் சுமார் 25,000 பேரைக் கருத்தடைக்கு உள்ளாக்கியது. அவர்களில் ஏறத்தாழ 16,500 பேர் சம்மதம் தராதவர்கள். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. இந்தக் கட்டுரைகளைப் படிக்காமல் ரோபோ நூலுக்குச் செல்பவர், அதன் மனக்கொதிப்பு எங்கிருந்து வருகிறது என்று அறிய மாட்டார். ரோபோவுக்கு இரத்தம் கிடையாது. ஆகவே அந்நிய இரத்தமும் கிடையாது.

கடைசியாகக் கோடைரா. தாமாகாவா கால்வாய் 1653இல் வெட்டப்பட்ட பிறகு, நீரற்றுக் கிடந்த முசாஷினோ சமவெளியில் குடியேற்றங்கள் தோன்றின. 1656இல் ஒகாவா என்ற குடும்பத்தார் தொடங்கிய குடியேற்றம் அவற்றுள் ஒன்று. பெருவழியை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னே நாடாவைப் போல நீளும் நிலம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கிட்டார்கள். 1962இல் நகரமான அந்த ஊரில், அந்தக் குடும்பங்களின் வழிவந்தோர் தம்மை மண்ணின் மக்கள் என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் வந்து பெரும்பான்மை ஆனவர்கள் இன்னமும் வந்தவர்கள்தான். நகர நிர்வாகமோ ஃபுருசாத்தோ, அதாவது சொந்த ஊர் என்ற உணர்வைத் திட்டமிட்டு உருவாக்க விழாக்கள் எடுக்கிறது. அந்த விழாவில் யார் மேளம் அடிக்கிறார், யார் நின்று வேடிக்கை பார்க்கிறார் என்பதை ராபர்ட்சன் குறித்துக்கொண்டே போகிறார். மண்ணின் மக்கள் என்போரும் ஒரு காலத்தில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள்தான் என்பதை அந்த நாடா நிலங்களின் வரைபடமே சொல்லிவிடுகிறது.

அதைப் படித்த பிறகு ரோபோ நூலுக்கு மீண்டும் போனேன். 2002இல் தாமா ஆற்றில் வழிதவறி வந்த ஒரு சீல் பிராணிக்குத் தாமா-சான் என்று பெயர் சூட்டி நாடே கொண்டாடியது. 2003 பிப்ரவரியில் யோக்கோஹாமாவின் நிஷி வட்டாரம் அதற்குக் கௌரவக் குடியிருப்போர் பதிவு வழங்கியது. அப்போது அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத, வரி மட்டும் கட்டிவந்த வெளிநாட்டவர் சிலர் முகத்தில் மீசை வரைந்துகொண்டு வந்து, தங்களுக்கும் அதைத் தருமாறு கேட்டார்கள். 2012 ஜூலையில் சட்டம் மாறி, அவர்கள் பெயர்கள் குடியிருப்போர் பதிவேட்டில் ஏறின. கோசெக்கியில் இன்றும் ஏறவில்லை.