ஏழே கால் டாலர்

டெக்சாஸ்ல எங்க வீட்டுப் பக்கத்து கேஸ் ஸ்டேஷன்ல நைட் ஷிஃப்ட் பாக்குற அக்கா, ரெண்டு பிள்ளைங்க, பிப்ரவரி கடைசில டேக்ஸ் ரீஃபண்ட் வந்ததும் மொத வேலையா காருக்கு டயர் மாத்துனாங்க, அதுவரைக்கும் வழுவழுன்னு தேஞ்ச டயர்லதான் ஓட்டிட்டு இருந்தாங்க. கம்மி சம்பளத்துல வேலை பாக்குறவங்களுக்கு கவர்மெண்ட் டேக்ஸ் வழியா பணம் குடுக்குற ஏர்ண்ட் இன்கம் டேக்ஸ் கிரெடிட், 1975ல கொண்டுவந்தது, அதுவே போதும், கூலிய ஏத்த வேணாம்னு சிலர் சொல்றாங்க. அது நல்லதுதான், இல்லன்னு சொல்லல, ஆனா அது வருஷத்துக்கு ஒரு தடவ வருது, வாடகை மாசாமாசம்ல குடுக்கணும், அதுலயும் பிள்ளை இல்லாதவங்களுக்குக் கெடைக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஃபெடரல் மினிமம் வேஜ், அதாவது அமெரிக்கா முழுக்க சட்டப்படி குடுக்க வேண்டிய கொறஞ்சபட்சக் கூலி, 2009 ஜூலைல இருந்து மணிக்கு 7.25 டாலர், டெக்சாஸ்லயும் அதேதான். மொதலாளி கொறச்சுக் குடுப்பாரு, மிச்சத்த கவர்மெண்ட் ஈடுகட்டணுமா? ரெண்டும் வேணும்ங்க, மொதல்ல கூலிய ஏத்துங்க. சின்னக் கடைங்க தாங்காதுன்றாங்க, அந்தப் பயம் புரியுது, அதுக்காக இத்தன வருஷமா அதே 7.25லயேவா நிக்கிறது?