முன்பல்லுக்கு 17 டிகிரி சாய்வு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பல் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் இறக்கும் திருகு, அதன் மேல் செயற்கைப் பல்) என்று யாராவது பேச்செடுத்தால் எத்தனை ஆயிரம் வெள்ளி, தவணையில் கட்டலாமா என்றுதான் கேட்பார்கள். சாய்வு எத்தனை டிகிரி என்று யாரும் கேட்பதில்லை. மேல் முன்பல்லுக்குப் போடுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. மழையில் செம்மண் பாதையில் மோட்டார் சறுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு போனது. கொஞ்ச காலம் கழற்றி மாட்டும் பல்லை வைத்து ஓட்டினேன், சாப்பிடும்போது அது ஆடுகிற ஆட்டம் தாங்கவில்லை. முதலில் போன கிளினிக்கில் சாதாரண எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்துவிட்டு நேராகவே போட்டுவிடலாம் என்றார்கள். அந்தப் படத்தில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. ஈப்போவில் இன்னொரு டாக்டர் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துத் திரையில் குறுக்குவெட்டாகக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. மேல் தாடையின் முன்பக்க எலும்பு உதட்டை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பல் போன பிறகு அதன் வெளிச்சுவர் வேறு உள்வாங்கிவிட்டது. எலும்பு போகிற போக்கில் திருகை இறக்கினால் பல் உதட்டை முட்டும். பல் நிற்க வேண்டிய திசையில் இறக்கினால் திருகின் நுனி வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

ஆக வழி இரண்டு. எலும்பு வைத்துக் கட்டி, பல மாதம் காத்திருந்து, நேராகப் போடுவது. இல்லை, எலும்பின் போக்கிலேயே திருகை வைத்து, அதன் மேல் திருகையும் பல்லையும் இணைக்கும் சாய்வான துண்டை (அபட்மெண்ட்) மாட்டிப் பல்லை நிமிர்த்துவது. எனக்குத் தேவைப்பட்டது 17 டிகிரி.

“சாய்வா வெச்சா எலும்பு தேஞ்சு போகாதா டாக்டர்?”

“அழுத்தம் கூடும் அங்கிள், இல்லைன்னு சொல்ல மாட்டேன். எந்த இடத்துல கூடுது, அதை எப்படிக் குறைக்கிறதுன்னுதான் பார்க்கணும்.”

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய தசைநார் இருக்கிறது, கடிக்கும்போது பல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இம்பிளாண்ட் எலும்போடு ஒட்டிப்போவதால் அந்த அசைவு கிட்டத்தட்ட இல்லை, கடியின் பலம் நேராக எலும்பில் இறங்கும். அதுவும் அச்சுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் வந்தால் திருகை வளைக்கப் பார்க்கும். சாய்வாக நட்ட வேலிக்காலை மாடு முட்டினால் மண் விட்டுக்கொடுப்பது குழியின் அடியில் இல்லை, தரையோரத்தில்தான், இங்கேயும் அப்படித்தான். மேலே இருக்கும் கெட்டி எலும்பு உள்ளே இருக்கும் பஞ்செலும்பைவிடச் சுமார் 10 மடங்கு விறைப்பானது. அதனால் பாரத்தில் பெரும்பங்கை இம்பிளாண்ட்டின் கழுத்தைச் சுற்றியுள்ள அந்த விளிம்பு வாங்கிக்கொள்கிறது. கணினியில் தாடையை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் 15, 25 என்று சாய்வு ஏற ஏறக் கழுத்தோர அழுத்தம் ஏறுகிறது. ஆனால் அந்தக் கணக்குகளில் பல, எலும்பு எங்கும் ஒரே மாதிரி, திருகோடு முழுக்க ஒட்டியது என்று எடுத்துக்கொள்பவை. நிஜ வாயில் வருடக்கணக்கில் பார்த்தவற்றில், சாய்வு அபட்மெண்ட்டால் மட்டும் பெரிய அளவில் எலும்பு போனதாகப் பெரும்பாலும் தெரியவில்லை.

ஒரு தாடையின் பல்வரிசை முழுவதையும் நாலே இம்பிளாண்ட்டில் நிறுத்துகிற, போர்ச்சுகல் பல் மருத்துவர் பாவ்லோ மாலோ பரப்பிய முறையில் பின்னால் உள்ள இரண்டையும் 45 டிகிரி வரைகூடச் சாய்க்கிறார்களே என்று சிலர் தைரியம் சொன்னார்கள். அங்கே நாலையும் ஒரே பாலம் இழுத்துக் கட்டிப் பாரத்தைப் பங்கு போடுகிறது, என்னுடையது தனிப்பல். அந்த உதாரணத்தை வைத்துக்கொண்டு நான் முடிவெடுக்கவில்லை. சாய்வு மிதமானது, திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் எலும்பு இருந்தது, முன்பல்லுக்குக் கடைவாய் அளவு கடி வராது. சரி என்றேன்.

திருகு வைத்த நாள் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் விட்டார்கள். அப்புறம் அபட்மெண்ட்டை 35 நியூட்டன் சென்டிமீட்டர் காட்டும் சாவியால் முறுக்கினார்கள், தாடை முழுக்க ஓர் இறுக்கம். சாய்வினால் திருகுத் துளை பல்லின் முன்முகத்தில் வந்துவிடும் என்பதால் கிரவுனை, அதாவது வெளியே தெரியும் செயற்கைப் பல்லை, சிமெண்ட் வைத்து ஒட்டினார்கள். ஈறுக்கு அடியில் சிமெண்ட் தங்கினால் அதுவே எலும்பை அரிக்குமாம், படம் எடுத்துப் பார்த்துத்தான் விட்டார்.

நேரம் எடுத்தது கடி சரிபார்ப்புதான். சிவப்புத் தாளை வைத்துக் கடி, இந்தப் பக்கம் தேய், அந்தப் பக்கம் தேய் என்று விடவே இல்லை. பல்லின் உள்பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழுந்த இடத்தையெல்லாம் துளித்துளியாகச் சுரண்டினார். கடைசியில் லேசாகக் கடித்தால் தடமே விழவில்லை, அழுத்திக் கடித்தால் மங்கலாக ஒன்று, பக்கவாட்டில் தேய்த்தால் சுத்தமாக ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் அந்த 17 டிகிரியைவிட இந்தச் சுரண்டலுக்குத்தான் மதிப்பு அதிகம், அவசரப்படுகிற டாக்டரிடம் இது கிடைக்காது.

தூக்கத்தில் பல்லை நெறிக்கிற பழக்கம் இருப்பதால் இரவில் பிளாஸ்டிக் கவசம் மாட்டுகிறேன். கரும்பை முன்பல்லால் கடிப்பதில்லை. வருடத்துக்கு ஒரு படம் எடுத்துக் கழுத்தோர எலும்பைப் பழைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள். முதல் வருடம் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்பது பழைய அளவுகோல். எனக்கு இதுவரை அதைத் தாண்டவில்லை, அடுத்த படம் தீபாவளி கழிந்து.