ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?

2017-ல் ஹார்வி புயல் வெள்ளத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் மிதந்தபோதுதான் எனக்கு ஹாம் ரேடியோ ஆசை வந்தது. உரிமம் வாங்கிய தனியாட்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு அது. பரீட்சை எழுத ஐந்து வருஷம் ஆனது. பாதி சோம்பல், பாதி மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டைப் படிக்க வேண்டுமோ என்ற பயம். அந்தக் கட்டாயத்தை 2007-லேயே எடுத்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. டெக்னீஷியன் என்ற முதல் நிலை உரிமத்துக்கு 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் போதும். உரிமம் தரும் அரசு அமைப்பான எஃப்.சி.சி.க்கு 35 டாலர் கட்டினேன், கால்சைன், அதாவது ரேடியோவில் என் அடையாளப் பெயர், வந்தது.

உடனே புயல் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவசர காலத்தில் உதவும் ஹாம்களின் ஏ.ஆர்.இ.எஸ். குழுவில், முதலில் அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் ஆன்லைன் பாடங்களை முடிக்கச் சொன்னார்கள். அதன்பின் வாராவாரம் நெட்டில், அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடும் நேரத்தில், கால்சைனைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கூப்பிடாமல் எங்கேயும் போய் நிற்கக் கூடாது. இந்த வேலைக்குக் கூலி வாங்குவதும் விதிமீறல்.

2024 ஜூலை 8 அன்று டெக்சாஸ் கரையில் மடகோர்டா பக்கம் பெரில் புயல் கரையேறியது. முதல் வகைப் புயல்தானே என்று இருந்துவிட்டோம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. மறுநாள் ஒரு முகாமுக்குப் போகச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது.

உள்ளே போனதும் என் ஹேண்டியில், அதாவது கையடக்க ரேடியோவில், வெறும் இரைச்சல். கான்கிரீட் சுவர் சிக்னலை விழுங்கிவிட்டது. பையில் சுருட்டி வைத்திருந்த ஒயர் ஆன்டெனாவை எடுத்து, ஷூ லேஸைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் கிடைத்தது. அன்று முழுக்க ஒரு கால் ஷூவை இழுத்துக்கொண்டே நடந்தேன்.

முகாம் பொறுப்பாளர் அம்மா மடக்குக் கட்டில் வேண்டும் என்று ஓடிக்கொண்டே சொன்னார். நான் படிவத்தில் 15 என்று எழுதி, "ஃபிஃப்டீன்" என்று அனுப்பினேன். எண்களைத் தனித்தனியாகச் சொல்லத்தான் மாதக்கணக்கில் பழகியிருந்தேன். பதற்றத்தில் மறந்துவிட்டது.

நெட் கன்ட்ரோலில் இருந்து எல்லோருடைய பேச்சையும் ஒழுங்குபடுத்திய பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?"

ஒன் ஃபைவ் என்று சொல்ல வாயெடுத்தவன், சந்தேகம் வந்து, ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவைத் தேடி ஓடினேன். அவர் கேட்டது 50. படிவத்தைத் திருத்தி, "ஃபைவ் ஜீரோ" என்று அனுப்பினேன். ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை, என் காதில்தான்.

சாயங்காலம் லாரி வந்தது. இறக்க இறக்க நானே எண்ணினேன். 48.

படிவத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். ஃபைவ் ஜீரோ என்றுதான் இருந்தது.