மான் சரிபார்த்த கீரை

திருகோணமலையில் எங்கள் வீட்டுக்கு அருகே ஞாயிறு காலைகளில் கூடும் விவசாயிகள் சந்தை, தொடக்கத்தில் உரப்பைகளை விரித்து அமர்ந்த நான்கைந்து பெண்களோடு முடிந்துவிடும். இப்போதோ ஏழு மணிக்குப் பிந்தினால் மோட்டார் சைக்கிளை நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. தம்பலகாமத்து அரிசி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம், கந்தளாய்த் தயிர்ச்சட்டி ஆகியவற்றோடு, 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து மிதவைப் படகுக்குக் காத்திராமல் வந்து சேரும் கிண்ணியாக் கத்தரிக்காயும் அங்கே கிடைக்கும்.

சென்ற வாரம் மருந்தடிக்காத கீரை வாங்கிவரும்படி மனைவி கட்டளையிட்டிருந்தாள். வழக்கமாக நான் வாங்கும் ஆச்சியிடம் அதை விசாரித்தபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"2021இல் பசளையும் மருந்தும் நாட்டுக்குள்ளே வராமல் நிறுத்தினார்களே, அன்றைக்குப் பிடித்த மாட்டெருவை நான் இன்னும் விடவில்லை, தம்பி. தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய் 100 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வருகிற மரக்கறிக்குக் களைப்பு இருக்காதா? இது விடியப் பிடுங்கினது."

களைப்பில்லாத முளைக்கீரையில் இரண்டு கட்டு வாங்கி, பொலித்தீன் பையோடு வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு அருகே தேநீர் குடிக்க இறங்கினேன். இந்த ஊரில் பிறந்தவன் செய்யக்கூடாத தவறு அது. கோட்டைக்குள்ளும் கடைத்தெருவிலும் சொந்தக்காரரைப் போல் உலவும் புள்ளிமான்களில் ஒன்று, நான் இஞ்சித் தேநீரை ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் பையைக் கிழித்து, ஒரு கட்டை முழுவதுமாகவும் மற்றதைத் தண்டுவரையும் தின்றுவிட்டு, எவ்வித அவசரமுமின்றி வீதியைக் கடந்து சென்றது. கடைக்காரர் உட்பட யாரும் அதை விரட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

வீட்டில், மானே விரும்பித் தின்றதால் அது மருந்தடிக்காத கீரை என்பது உறுதியாகிவிட்டதாக வாதிட்டேன்.

"கீரையோடு பையில் பாதியையும் தின்றிருக்கிறதே," என்றாள் மனைவி, கிழிந்த மிச்சத்தைத் தூக்கிப் பிடித்து. "பொலித்தீனும் மருந்தடிக்காததுதானா?"

பதில் இல்லாமல், அவள் நீட்டிய மூடியுள்ள பனையோலைக் கூடையோடு மீண்டும் சந்தைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஆச்சி ஒன்றும் கேட்காமல் இரண்டு கட்டுகளைக் கூடையில் வைத்தார். பிறகு சற்று யோசித்து மூன்றாவதையும் எடுத்தார்.

"மானுக்கும் சேர்த்துத் தரட்டா, தம்பி?"