26 டிகிரிச் சாய்வு

என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கொத்தனார். சுவர் எழுப்பும்போது மணிக்கொரு தரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நூலும் சுவரும் ஒட்டி நின்றால் வேலை சரி. விலகினால் இடித்துக் கட்ட வேண்டும். அந்த ஒரே பாடத்தோடுதான் நான் சிங்கப்பூருக்கு வந்தேன். 2008இல் மரீனா பே சேண்ட்ஸ் ஹோட்டல் கட்டுமானத்தில் அளவைப் பிரிவு உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பாடம் பயன்படாமல் போனது. அங்கே சுவர் நிமிர்ந்து நின்றால்தான் தவறு.

மோஷே சாஃப்டி வடிவமைத்த கட்டடம் அது. 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மேலே கப்பல்போல் கிடக்கும் பூங்காதான் கண்ணில் படும். எங்களுக்கோ கால்கள்தாம் எல்லாமும். ஒவ்வொரு கோபுரமும் இரண்டு கால்களில் நிற்கிறது. நகரத்தைப் பார்த்த மேற்குக் கால் ஏறக்குறைய நேராக எழும்பும். கடல் பக்கத்துக் கிழக்குக் கால் சாய்ந்துவந்து அதன்மேல் தோள் கொடுக்கும். சாய்வு கோபுரத்துக்குக் கோபுரம் மாறும். அதிகபட்சம் 26 டிகிரி. 23ஆம் மாடி அளவில் இரண்டும் சேர்ந்த பிறகு ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

சேரும்வரை அந்தக் காலை யார் தாங்குவது? அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கால்களுக்கு இடையே தற்காலிக எஃகு முட்டுகள் கொடுத்தார்கள். சுவருக்குள் எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்து இறுக்கினார்கள். அப்படியும் ஒவ்வொரு மாடி ஏறும்போதும் சுவர் தன் எடையால் கொஞ்சம் அசையும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. சுவரில் ஒட்டிய சிறு பிரதிபலிப்பு வில்லைகளை தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் குறிபார்த்து, வந்த எண்ணைக் குறித்துக்கொள்வோம். வில்லை உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் சிலுவைபோல் மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் மையத்தில் கண்ணை நிறுத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். இன்றும் கூர்ந்து எதையாவது படித்தால் என்னை அறியாமல் மூச்சு நின்றுவிடுகிறது.

அளவு எடுப்பது சூரியன் வருமுன். லாரி எங்களை நான்கரை மணிக்கே இறக்கிவிட்டுப் போகும். ஏன் அந்த நேரம் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் விடியலில் நல்ல மழை. கருவியை மூடிவைத்துக் காத்திருந்து, மழை விட்டு வெயில் ஏறிய பிறகு ஒன்பதரைக்கு அளந்தேன். முந்தைய நாளைவிடச் சில மில்லிமீட்டர் வித்தியாசம். நேரத்தைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். காங்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பவர்கள் அதை நம்பி வரிசையைத் தள்ளி அடித்தார்கள். மறுநாள் விடியலில் அளந்தபோது பழைய எண்ணே வந்தது. அடித்த பலகை அத்தனையும் பிரித்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பிரிவில் மூத்தவர் மன்னார்குடிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணன். சத்தம் போடுவார் என்று பயந்து நின்றேன். அவரோ என்னை கிழக்குச் சுவரருகே கூட்டிப்போய், “கையை வை தம்பி” என்றார். காலை வெயிலில் சுவர் சுட்டது. பிறகு நிழல் பக்கத்துச் சுவரைத் தொடச் சொன்னார். அது குளிர்ந்து கிடந்தது. “சூடு பட்ட பக்கம் நீளும். கட்டடம் மறுபக்கம் வளையும். ராத்திரி ஆறிப் பழைய நிலைக்கு வரும். நீ எழுதிய அளவு பொய்யில்லை. எந்த நேரத்து அளவு என்று சொல்லாமல் விட்டாய், அதுதான் பிழை.” அன்றிலிருந்து எண்ணை எழுதுமுன் நேரத்தை எழுதுகிறேன். பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் அது மாறவில்லை.

கட்டடம் அசையும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு கட்டியதுதான் அங்கே நான் பார்த்த பெரிய அறிவு. 340 மீட்டர் நீளப் பூங்கா, ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்கள்மேல் கிடக்கிறது. காற்றில் மூன்றும் ஒன்றுபோல் அசையாது. விறைப்பாக ஒரே பலகையாகப் போட்டிருந்தால் பிளந்திருக்கும். ஆகவே இடையிடையே இணைப்பு இடைவெளிகள் விட்டார்கள். நீச்சல் குளத்தின் அடியிலும் அவை உண்டு. கடலைத் தூர்த்த நிலம் என்பதால் கட்டடம் காலப்போக்கில் சற்றுத் தாழலாம். அப்போது குளத்தை மட்டம் செய்ய அடியில் ஜாக்கிகள் வைத்திருக்கிறார்கள். கோபுரத்தைத் தாண்டி 66 மீட்டருக்கும் மேல் அந்தரத்தில் நீளும் நுனிக்குள், அதிர்வைத் தணிக்க ஓர் எடையைப் பொருத்தியிருக்கிறார்கள். மேலே நின்று படம் எடுப்பவர்களின் பாதத்துக்கு அடியில் இவ்வளவும் விழித்திருக்கிறது.

பூங்காவின் எஃகுத் துண்டுகளைக் கீழேயே சேர்த்து, எஃகு வடங்களைக் கவ்வி இழுக்கும் ஜாக்கிகளால் மேலே ஏற்றினார்கள். நகர்வது கண்ணுக்கே தெரியாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

2010 ஜூனில் பூங்காவைத் திறந்தபோது நான் வேறு வேலைத்தளத்தில் இருந்தேன். ஊரிலிருந்து அப்பா வந்தபோதுதான் உள்ளே போனேன். மேலே கூட்டிப்போகவில்லை. இரண்டு கால்களுக்கும் நடுவே இருக்கும் வரவேற்புக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் முட்டுகள் நின்ற வெளியில் இப்போது பெரிய தொட்டிகளில் மரங்கள் நிற்கின்றன. பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிறார்கள். தலைக்கு மேலே சாய்ந்து ஏறும் பக்கத்தை அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“இதற்குக் குண்டு எங்கே கட்டினீர்கள்?” என்று கேட்டார்.

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, வில்லைகளையும் விடியற்காலை நான்கரை மணியையும் அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.