எரேமியா 29:11-ஐப் பிரசங்கிக்கும் முன்

"தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனத்தைப் பிரசங்கிக்காத போதகர் அபூர்வம். தவறாகக் கையாளப்படுவதில் முதல் வரிசையில் இருப்பதும் அதுதான். "இந்த மாதமே உன் கஷ்டம் தீரும்" என்று முடித்தால் ஆமென் பலமாகத்தான் வரும். மாதம் போன பின்னும் வேலை கிடைக்காதவர், "என் விசுவாசம்தான் போதவில்லை" என்று தன்னையே நொந்துகொள்வார். ஆறுதலாகச் சொன்னது அவர் தலையில் சுமையாக இறங்கிவிடும்.

அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து, வாய்விட்டு வாசியுங்கள். 29 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். 28-ல் பொய்த் தீர்க்கதரிசி அனனியா, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். கடிதமோ 70 வருஷம் என்கிறது (29:10). அதுவரை வீடு கட்டி, தோட்டம் நாட்டி, இருக்கிற பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது (29:5-7). ஆக, "இந்த மாதமே" என்று முழங்குகிறவர் எரேமியாவின் வசனத்தை வாசித்துவிட்டு அனனியாவின் செய்தியைக் கொடுக்கிறார்!

பகுதி பிடிபட்டதும் செய்தியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "காத்திருக்கும் காலத்திலும் தேவன் தம் ஜனத்தை மறப்பதில்லை, அதுவரை வாழ்வதை ஒத்திப்போடாதீர்கள்." அதற்கு உதவாத இணைவசனம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

பிறகு, இதைக் கேட்கப்போகிற மூன்று நான்கு பேரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்: நாள்பட்ட நோயாளி, துணையை இழந்தவர், பரீட்சையில் தோற்ற பிள்ளை. "தோட்டம் நாட்டுவது" என்றால் இவர்களுக்கு இந்த வாரம் என்ன? "ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள்" என்று பொதுவாக முடிப்பது சோம்பேறித்தனம். ஆனால் ஆலோசனைக்கு வந்தவர் தனியே சொன்னதைப் பெயர் மறைத்துக்கூடச் சொல்லாதீர்கள். சிறிய சபையில் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன்பின் யாரும் மனம்விட்டுப் பேச வரமாட்டார்கள்.

30 நிமிடச் செய்தி என்றால் கடைசி 10 நிமிடத்தையாவது "இந்த வாரம் என்ன செய்வது" என்பதற்கு வைக்க வேண்டும். பெரும்பாலும் முன்னுரையும் உதாரணக் கதையுமே அந்த நேரத்தைத் தின்றுவிடுகின்றன. முந்தின நாளே கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்துக் குறையுங்கள். பவுல் பேசியபோதே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி ஜன்னலிலிருந்து விழுந்தான் (அப்போஸ்தலர் 20:9), நாம் எம்மாத்திரம்? "கடைசியாக" என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள். விட்டுப்போன குறிப்புகளை முடிவு ஜெபத்தில் நுழைக்க வேண்டாம்.