பாங்காங்குக்கு முன்னால்

செப்டம்பர் 8, ஞாயிறு, லே (லடாக்)

காலையில் இறங்கினோம். முதல் நாள் எங்கும் அலையாமல் படுத்துக்கிடங்கள் என்று விமானத்திலேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். 11,500 அடி. பெட்டியோடு ஒரு மாடி ஏறியதற்கே எனக்கு இரைத்தது, அக்கா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் எனக்கு 88, அவளுக்கு 79. கழற்றி மாட்டினால் 81. நகப்பாலிஷால்தான் தப்பாகக் காட்டுகிறது என்கிறாள். அடர் மெரூன், ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் போட்டது. இருக்கலாம், அந்தக் கருவி நகத்தின் வழியாக வெளிச்சத்தை விட்டுத்தான் அளக்கிறது. ரிமூவர் கைவசம் இல்லை. ஷேவிங் பிளேடை எடுத்து ஆள்காட்டி விரலில் மட்டும் ஓரத்திலிருந்து மெல்லச் சுரண்டினேன், வெள்ளைப் போர்வை மேல் மெரூன் தூள் உதிர்ந்தது, கையை ஆட்டாதே என்றால் சிரிக்கிறாள். நகம் வெளுத்துக் கோடு கோடாகத் தெரிந்தது.

சுரண்டிய பிறகும் 81.

அத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். வெளியூர் ப்ரீபெய்ட் சிம் இங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு என்னுடையது மட்டும்தான். "ஏல, டவர் இல்லன்னு நெனச்சிக்கிடட்டும்" என்கிறாள். அவர் அடிப்பது எனக்கு, அவளுக்கென்ன.

நேற்றைய பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை டப்பாவில் மிச்சம் இருந்தது. பூரணம் லேசாகப் புளித்திருந்தது, தின்றுவிட்டோம்.

செப்டம்பர் 9, திங்கள்

தூக்கம் இல்லை. அக்கா தூக்கத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறாள், அப்புறம் ஒன்றுமே இல்லை, நான் எழுந்து உட்காருவதற்குள் பெரிதாக ஒரு இழுப்பு, மறுபடி ஆரம்பம். உயரமான இடத்தில் புதிதாக வந்தவர்களுக்கு இது சகஜம் என்று படித்துவிட்டுத்தான் வந்தேன். படித்ததெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குக் கைகொடுக்கவில்லை.

உயரம் ஒத்துக்கொள்வதற்குப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது, பாத்ரூமுக்குப் போய் மாளவில்லை.

முதலில் பேசிய டிராவல்ஸ்காரர் இரண்டாம் நாளே பாங்காங் ஏரி என்று போட்டுக்கொடுத்தார். நல்லவேளை அந்த ஆளை விட்டோம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் பொதுவாகச் சொல்கிற கணக்கு. லே 3,500, பாங்காங் 4,200-க்கும் மேல். லீவு கம்மியாக இருக்கிறது என்று நுரையீரலிடம் போய்ச் சொல்ல முடியுமா? விற்கிறவர்கள் விற்கிறார்கள், நம் ஆட்களும் நாலு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள்.

82.

செப்டம்பர் 10

83. தலைக்குக் குளித்திருக்கிறாள், இந்தக் குளிரில், கேட்டால் செவ்வாய்க்கிழமையாம்.

செப்டம்பர் 11, புதன்

போவதா வேண்டாமா. காலையிலிருந்து இதேதான். 84 வரை வந்தது, மத்தியானம் 82. தலைவலி இல்லை என்கிறாள், இருந்தாலும் சொல்வாளா என்று தெரியாது, சின்ன வயதில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க வந்தவள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் பிடித்துக்கொண்டாலோ நுரையீரலில் நீர் கோக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நடை தள்ளாடினால் மூளை. இரண்டுக்கும் உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். பாங்காங்கில் பிரச்சினை என்றால் கீழே இறங்குவதற்கே முதலில் 17,500 அடிக்கு மேல் உள்ள சாங் லா கணவாயை ஏறித் தாண்ட வேண்டும். இதைச் சொன்னால் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்கிறாள்.

வராந்தாவில் டைல்ஸ் சேரும் கோட்டில், குதிகாலை மறு காலின் விரல் தொட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நடந்தாள். திரும்பி வரச் சொன்னேன். வந்தாள். வீட்டுக்கார அம்மா ஆப்பிள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

டெல்லிக்கு நாளைக் காலையில் டிக்கெட் இருக்கிறது, போய்விடலாம் என்றேன். "நான் ஏரி பாக்க வந்தேன். ஆஸ்பத்திரி பாக்கணும்னா பாளையங்கோட்டையிலயே இருந்திருப்பேன்ல. அக்டோபர் பூரா அதான பாக்கப் போறேன்."

அதற்குமேல் நான் என்ன பேச.

டாக்ஸி சொல்லியாயிற்று. யூனியன் ரேட், பேரம் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று தனியாக வாடகைக்கு எடுத்தேன், எதற்கு என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன், ஸ்பாங்மிக் (பாங்காங் கரை)

சாங் லாவில் வண்டியை விட்டு இறங்காதே என்றேன், இறங்கினாள். எனக்குத்தான் தலை கிர்ரென்றது. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் எங்களை அவசரப்படுத்தினார், இங்கே நின்றுகொண்டிருக்கக் கூடாது என்று.

டாங்ஸ்டே தாண்டி ஒரு வளைவில், இரண்டு பழுப்பு மலைகளுக்கு நடுவே நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. அவ்வளவுதான், டிரைவர் நிறுத்தவில்லை. அப்புறம் லுக்குங்கில் முழுசாக.

மரமே இல்லை. புல்லும் அநேகமாக இல்லை. மேகம் நகர நகர கிட்டத்தில் பச்சை, நடுவில் மயில் கழுத்து, தூரத்தில் கறுப்பு. 134 கிலோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம், மிச்சம் சீனாவிடம். ஆறாக வெளியேற வழியே இல்லாத ஏரி, அதனால் தண்ணீர் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தாள், நம்ம ஊர் போர் தண்ணி பரவாயில்லை என்றாள். போட்டிங் எங்கே என்று ஒரு குடும்பம் விசாரித்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் கிடையாது, இது எல்லை. கரையில் '3 இடியட்ஸ்' படத்தில் வந்த மாதிரி மஞ்சள் ஸ்கூட்டரும் நாற்காலியும் போட்டு, உட்கார்ந்து போட்டோ எடுக்கக் காசு வாங்குகிறார்கள். இவ்வளவு ஏரியை வைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய் வரிசையில் நிற்கிறது கூட்டம்!

எதிர்க்கரை மலைகளைக் காட்டி, 2020-இல் சீனாவோடு தகராறு வந்தபோது நியூஸில் வந்த ஃபிங்கர்கள் அவைதான் என்றார் டிரைவர். "இங்கயும் விரலா" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

77. கை ஐஸாக இருந்தது, குளிர்ந்த விரலில் குறைத்துத்தான் காட்டும். அக்குளில் வைத்துச் சூடாக்கி 80.

சாயங்காலம் ஓரத்தில் வரித்தலை வாத்துகள். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு, சந்தேகமே இல்லை. இந்தப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டித்தான் தெற்கே வருகின்றன, கூந்தன்குளத்துக்கு வருவதும் இந்த இனம்தான். அக்கா கிட்டே போனாள், நீந்தி விலகின. "எந்த ஊருன்னு தெரியல அதுகளுக்கு."

செப்டம்பர் 13, இரவு 1.40

இருமுகிறாள். வறட்டு இருமல், சளி இல்லை. இங்கே காற்றே அப்படித்தான், எனக்கும் தொண்டை காய்கிறது. 78. டார்ச் அடித்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கோட்டில் நடக்கவைத்தேன், நேராக நடந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டேன். "நீ கேட்டுக்கிட்டே இருந்தா முட்டும்."

சிலிண்டரைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அவள் தூங்கிவிட்டாள்.

காலை

82. இருமல் இல்லை. வண்டி தயார். டாங்ஸ்டேயில் டவர் கிடைத்தால் அத்தானிடம் அவளே பேசுகிறாளாம். என்ன பேசப் போகிறாய் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. த்சோ மொரிரி ஏரிக்கு எத்தனை நாளாகும், வாடகை என்ன என்று டிரைவரிடம் இந்தியில் கேட்டுச் சொல்லச் சொல்கிறாள். அது 14,800 அடி.